ரயிலில் முடிச்சு, ஞாயிறன்று கத்தரிக்கோல்: நாய்க்கு ஒரு மோப்பப் பாய்

வீட்டு நாய்க்குக் கையால் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று ஆரம்பித்த வேலை பாதியில் கிடப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தாம்பரத்திலிருந்து சென்னைக் கோட்டை வரை மின்சார ரயிலில் போய்த் திரும்பிவிட்டு, இரவு எட்டரை மணிக்குக் களைத்த கையோடு கத்தரிக்கோலை எடுப்பது. அளவெடுப்பதற்கும் வெட்டுவதற்கும் தலை தெளிவாக இருக்க வேண்டும். முடிச்சுப் போடுவதற்கு அது தேவையில்லை. விரல் பழகிவிட்டால் கண்கூட வேண்டாம். அதனால் வெட்டுவதெல்லாம் ஞாயிறு, வீட்டில். முடிச்செல்லாம் காலை ரயிலில். மாலை ரயிலில் ஒரு வேலையும் வேண்டாம், கண்ணை மூடி உட்காருங்கள்.

இந்தப் பிரிவினைக்கு நன்றாகப் பொருந்துவது மோப்பப் பாய். கடைகளில் ‘ஸ்னஃபிள் மேட்’ என்று விற்பது இதுதான். ஓட்டை உள்ள ரப்பர் மேட்டில் நெருக்கமாகத் துணிப் பட்டைகளைக் கட்டி, இடையில் உலர் தீனியைத் தூவி வைத்தால் நாய் மோந்து மோந்து தேடித் தின்னும். கிண்ணத்தில் ஒரு நிமிடத்தில் காலியாகும் தீனிக்கு இதில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். நாள் முழுக்கத் தனியாக இருந்துவிட்டு, நீங்கள் கதவைத் திறந்ததும் மேலே பாய்கிற நாய்க்கு அந்தப் பத்து நிமிடம் நல்ல வேலை. உங்களுக்கும் காபி குடிக்க நேரம் கிடைக்கும்.

தேவையானவை

ரப்பர் மேட் ஒன்று, சுமார் 30 × 40 செ.மீ. சிங்க்கில் போடுவது, குளியலறையில் போடுவது எதுவானாலும் சரி. ஓட்டையில் சுண்டுவிரல் நுனி நுழைய வேண்டும். ஓட்டைக்கு ஓட்டை 2 செ.மீ. இடைவெளி இருந்தால் வசதி. அடியில் தரையோடு ஒட்டிப் பிடிக்கும் உறிஞ்சிகள் இருந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள், நாய் முதலில் கடிப்பது அவற்றைத்தான். ரப்பர் நாற்றம் பலமாக அடிக்கிற மேட்டை வாங்காதீர்கள். மோப்பத்துக்கான பாயிலேயே நாற்றம் அடித்தால் நாய் பக்கத்தில் வராது.

பழைய பருத்தி டி-சர்ட் நான்கு. பனியன் துணிதான் வேண்டும், காரணம் இருக்கிறது. பனியன் துணி பின்னப்பட்டது. வெட்டின ஓரம் லேசாகச் சுருளுமே தவிர நூல் நூலாகப் பிரியாது. வேட்டி, சேலை, சட்டைத் துணியெல்லாம் நெய்தவை. வெட்டின ஓரத்திலிருந்து நூல் வந்துகொண்டே இருக்கும், அது நாயின் வயிற்றுக்குள் போகும். விளையாட்டு வீரர்கள் போடும் வழுவழு பாலியஸ்டர் டி-சர்ட்டும் வேண்டாம், முடிச்சு தானாக நழுவும். லெக்கிங்ஸ் ரப்பர் மாதிரி இழுபடும், அதுவும் ஆகாது.

வீட்டில் பழைய டி-சர்ட் இல்லையென்றால், திருப்பூர் பனியன் வேஸ்ட் ஹார்டுவேர் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். மெஷின் துடைக்க வாங்குவார்களே, அதேதான். பாய்க்கு அரைக் கிலோ தாராளம். ஆனால் துண்டு துண்டாக வரும், அளவான பட்டை எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். முதல் பாய்க்கு டி-சர்ட்டே நல்லது. எதுவானாலும் ஒரு முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

இவை தவிரக் கூரான துணிக் கத்தரிக்கோல், பழைய நோட்டு அட்டை ஒன்று, இரண்டு மஞ்சப்பை.

ஞாயிறு: வெட்டும் வேலை

முதலில் மேட். 30 × 40 செ.மீ. மேட்டில் ஏறக்குறைய 14 வரிசையும் வரிசைக்கு 20 ஓட்டையும் இருக்கும். அதை 7 வரிசை × 10 ஓட்டை வரும்படி நான்கு துண்டாக வெட்டுங்கள். முழு மேட்டைத் தூக்கிக்கொண்டு ரயிலில் உட்கார முடியாது; பக்கத்தில் இருப்பவர் மடியில் பாதி கிடக்கும். கால்வாசித் துண்டு ஒரு நோட்டுப் புத்தக அளவுதான். இரண்டு ஓட்டை வரிசைகளுக்கு நட்டநடுவில் வெட்ட வேண்டும். ஓட்டையை ஒட்டி வெட்டினால் ஓரம் மெலிந்துபோய், பிறகு துண்டுகளை இணைக்கும்போது கிழியும்.

அடுத்தது டி-சர்ட். கீழ் மடிப்புத் தையலை வெட்டி எடுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குளுக்கு நேராக வெட்டினால் குழாய் மாதிரி ஒரு துண்டு கிடைக்கும். மேல்பாதி தரை துடைக்க ஆகும். ரப்பர் மாதிரி ஒட்டியிருக்கும் பிரிண்ட் இருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள், அது செதில் செதிலாக உதிரும். சாயத்தில் ஊறின பிரிண்ட் என்றால் பரவாயில்லை.

குழாயைத் தரையில் விரித்து, 2.5 செ.மீ. அகலத்தில் குறுக்காக வெட்டிக்கொண்டே போங்கள். மீடியம் அளவு டி-சர்ட்டில் 16 வளையம் வரும், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மீட்டர் சுற்று. பக்கத் தையல் இருந்தால் அதை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வளையத்தையும் 18 செ.மீ. பட்டைகளாக நறுக்குங்கள். 18 × 2.5 செ.மீ. அளவில் அட்டையை வெட்டி வைத்துக்கொண்டால் ஸ்கேலைத் தேட வேண்டாம். ஒரு வளையத்துக்கு ஐந்து பட்டை, ஒரு டி-சர்ட்டுக்கு 80. பாய்க்கு வேண்டியது 250. மூன்று டி-சர்ட்டில் 240 வரும்; நான்காவது, குறையும் பத்துக்கும் கோணல் வெட்டுக்கும் பிற்பாடு பழுது பார்ப்பதற்கும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பட்டையின் இரு நுனியையும் சாய்வாக நறுக்கிவிடுங்கள். கூர்நுனி ஓட்டைக்குள் விரலாலேயே நுழைந்துவிடும். இதைச் சோம்பி விட்டுவிட்டால் ரயிலில் சேப்டி பின்னை வைத்துக் கோர்க்க வேண்டியிருக்கும். வண்டி குலுங்கும்போது பின் கையிலும் குத்தும், பாய்க்குள்ளும் மறந்துபோய்த் தங்கும்.

பையைத் தயார் செய்வது

ஒரு வரிசையில் 10 ஓட்டை என்றால் முடிச்சு 9. எனவே ஒன்பது பட்டைகளை அடுக்கி, பத்தாவது பட்டையால் கட்டி வையுங்கள். ஒரு கட்டு, ஒரு வரிசை. எத்தனை போட்டோம் என்று எண்ண வேண்டாம், எங்கே விட்டோம் என்றும் தேட வேண்டாம். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டாம். ஒன்று கீழே விழுந்து வீட்டுக்கு வந்தால் நாய் விழுங்கிவிடும். கட்டும் பட்டைகளைச் சேர்த்து வையுங்கள், இணைக்கும்போது அவைதான் கைகொடுக்கும்.

ஒரு துண்டில் 6 வரிசை கட்டினால் போதும்; ஏழாவது வரிசை, 10 ஓட்டை உள்ள ஒரு நீள ஓரம், இணைப்புக்காக வெறுமையாக இருக்கட்டும். ஆக ஒரு துண்டுக்கு 6 கட்டு, நான்கு துண்டுக்கு 24 கட்டு. உங்கள் மேட்டில் ஓட்டைக் கணக்கு வேறானால், வரிசை எண்ணிக்கையை ‘ஓட்டை கழித்தல் ஒன்று’ என்பதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

காலையில் எடுத்துப் போவது ஒரு மேட் துண்டும் மூன்று கட்டும் மட்டும். ஒரு மஞ்சப்பையில் கட்டுகள். இன்னொன்றை மடியில் விரித்து அதன்மேல் வேலை. உதிரும் பஞ்சும் அதிலேயே விழும். கத்தரிக்கோல் வீட்டிலேயே இருக்கட்டும். கூட்டத்தில் அது ஆபத்து. மெட்ரோவில் போகிறவர்களுக்குப் பை ஸ்கேனர் வழியாகப் போவதால் வாசலிலேயே நிறுத்திக் கேட்பார்கள்.

முடிச்சு

1. துண்டைக் குறுக்குவாட்டில், வெறும் வரிசை உங்கள் பக்கம் இருக்கும்படி வையுங்கள். தொலைவில் உள்ள வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள். பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் கட்டி முடித்த பட்டைகளின் வால்கள், அதாவது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகள், மணிக்கட்டுக்கு அடியில் சிக்கிக்கொண்டே இருக்கும்.

2. பட்டையின் ஒரு நுனியை அடியிலிருந்து முதல் ஓட்டை வழியாக மேலே தள்ளுங்கள். மறு நுனியை அடுத்த ஓட்டை வழியாக. இரண்டு வாலும் ஒரே நீளமாகும்படி இழுத்துச் சரிபாருங்கள்.

3. வலது வாலை இடதின் மேல் போட்டு ஒரு முடி. பிறகு இடது வாலை வலதின் மேல் போட்டு இன்னொரு முடி. இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு குறுக்கே திரும்பி நிற்கும், நாய் இரண்டு இழுப்பு இழுத்தால் கழன்றுவிடும். சரியான முடிச்சு தட்டையாகப் படுத்திருக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

4. அடுத்த பட்டையை இரண்டாவது ஓட்டையிலிருந்து மூன்றாவதற்குக் கொண்டு போங்கள். நடு ஓட்டை ஒவ்வொன்றிலும் இப்படி இரண்டு பட்டை வரும். அந்த நெருக்கம்தான் தீனியை மறைக்கும்.

முடிச்சை மேட் வளையும் அளவுக்கு இறுக்காதீர்கள். வளைந்த துண்டு தரையில் படியாது, நாய் மூக்கு வைத்ததும் நகரும். வாலைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுக்கவும் வேண்டாம். பனியன் பட்டை இழுத்தால் கயிறு மாதிரி உருண்டுவிடும், தட்டையான பட்டைதான் தீனியை மூடும்.

புதியவர்களுக்கு ஒரு முடிச்சுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். உட்கார இடம் கிடைத்த அரை மணி நேரத்தில் மூன்று வரிசை ஆகும். இரண்டு காலைக்கு ஒரு துண்டு. அவசரமில்லாமல் செய்தாலும் இரண்டு வேலை வாரத்தில் நான்கும் முடியும். நிற்க வேண்டி வந்தால் பையைத் திறக்காதீர்கள். இறங்கும் இடத்துக்கு இரண்டு நிலையம் முன்பே மூடிவிடுங்கள்: எழும்பூரில் இறங்குபவர் நுங்கம்பாக்கத்தில் மூட வேண்டும். இன்னொரு முடிச்சு போட்டுவிடலாம் என்கிற ஆசையில்தான் பட்டைக் கட்டு சீட்டுக்கு அடியில் போகும்.

கழுத்து வலித்தால் முதுகுப்பையை மடியில் நிறுத்தி, அதன்மேல் துண்டை வைத்து மார்பு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்குக் குனிந்து பார்த்தால் தலை சுற்றும். கண் பார்ப்பது அசையாத மேட்டை, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்வதோ வண்டியின் ஆட்டத்தை. இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது அது. நுனியைக் கோர்க்க மட்டும் குனியுங்கள், முடிச்சை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போடுங்கள். அப்படியும் குமட்டினால் பஸ் உங்களுக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடுங்கள்.

இணைப்பது

நான்கு துண்டும் முடிந்த ஞாயிறு, வெறும் வரிசைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டிரண்டாகத் தரையில் வையுங்கள். இந்தத் துண்டின் ஓர ஓட்டைக்கும் அந்தத் துண்டின் ஓர ஓட்டைக்குமாக ஒரு பட்டை, அதே முடிச்சு. நீளப் பக்கம் இரண்டு இணைப்புக்கு 20 பட்டை, அகலப் பக்கத்துக்கு 14. நடுவில் வழுக்கையாகத் தெரிந்தால் மிச்சப் பட்டையில் சில சேர்த்துக் கட்டுங்கள். பிறகு பாயைத் தூக்கிப் பலமாக உதறி, ஒவ்வொரு வாலையும் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். கழல்வது இப்போதே கழலட்டும்.

நாய்க்குக் கொடுக்கும்போது

முதல் நாள் தீனியை மேலாகவே போடுங்கள், கண்ணுக்குத் தெரியட்டும். விளையாட்டு புரிந்த பிறகு உள்ளே தள்ளுங்கள். உலர் தீனி, கொஞ்சம் பொரி போதும். குழம்புச் சோறு, வேகவைத்த கறியெல்லாம் இதில் வைத்தால் துவைத்தே ஓய்ந்துபோவீர்கள். உலர் திராட்சையும் வெங்காயம் சேர்ந்த எதுவும் நாய்க்கு நஞ்சு, அவை இங்கே மட்டுமல்ல, எங்கேயும் கூடாது.

பாயை விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். தீனி தீர்ந்ததும் பல நாய்கள் பட்டையைக் கடித்து இழுக்க ஆரம்பிக்கும். விழுங்கின துணி குடலை அடைத்தால் அறுவை சிகிச்சை வரை போகும். தின்று முடித்ததும் பாயை எடுத்து உயரத்தில் வைப்பதுதான் ஒரே வழி. துணி தின்னும் பழக்கமுள்ள நாய்க்கு இதைச் செய்யவே வேண்டாம்.

பூனைக்கும் செய்து கொடுக்கலாம், நாடாவைக் கடிக்காத பூனையாக இருந்தால் மட்டும். பூனை நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாயில் சிக்கிய நூலைத் துப்ப அதனால் முடியாது. நீளமான நூல் குடலையே அறுத்துவிடும். மிச்சப் பட்டைகளையும் அதன் கண்ணில் படாமல் வையுங்கள்.

எறும்பும் மழையும்

நம் ஊரில் இந்தப் பாய்க்கு முதல் எதிரி எறும்பு. ஒவ்வொரு முறையும் வாசலில் உதறிவிட்டு, ஆணியில் மாட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறை வாளியில் சோப்புத் தண்ணீரில் அலசி, நுரை போகும் வரை அலசிப் பிழியுங்கள். வெயில் காலத்தில் ஒரே பகலில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாளானாலும் முடிச்சுக்குள் ஈரம் நிற்கும். அதோடு தீனித் தூளும் சேர்ந்தால் பூஞ்சை. வாஷிங் மெஷினில் பைக்குள் போட்டுத் தண்ணீரை மட்டும் சுழற்றி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே கவிழ்த்துப் போடுங்கள். முடிச்சைக் கிள்ளிப் பார்த்து ஈரம் இல்லையென்று தெரிந்தால்தான் மறுபடி தீனி.

நைந்த பட்டையை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைக் கட்டலாம். அதற்குத்தான் மிச்சப் பட்டைகள். ரப்பர் ஓட்டை கிழிய ஆரம்பித்தால் அந்தக் கால்வாசித் துண்டை மட்டும் மாற்றினால் போதும், இணைப்பு முடிச்சுகளை வெட்டினாலே அது தனியாக வந்துவிடும்.