படைவீரர் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் படைவீரர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று பேச்செடுத்தால், "இங்கே எல்லார் வீடும் படைவீரர் வீடுதானே" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. 1967இல் தேசிய சேவை கட்டாயமானதிலிருந்து ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிலும் யாராவது ஒருவர் சீருடை அணிந்திருக்கிறார் என்பது உண்மைதான். ஈராண்டு முழுநேரச் சேவையை முடித்த தந்தையர், அதன் பிறகும் போர்க்காலத் தேசிய சேவையாளர்களாக ஆண்டுக்கு 40 நாள் வரை முகாமுக்கு அழைக்கப்படலாம். ஆனால் இந்தப் பொது அனுபவமே முதல் தவறுக்கு வித்தாகிவிடுகிறது. ரிசர்விஸ்ட் பயிற்சிக்காக ஓரிரு வாரம் போய்வரும் தந்தையின் வீட்டையும், படைப்பணியையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவரின் வீட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால், பின்னவர் வீட்டுப் பிள்ளையின் நிலை ஆசிரியரின் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இரண்டு வீடுகளுக்கும் வேறுபாடு உண்டு. ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையைத் தடுக்கும் பணிக்கு 2009 முதல் சிங்கப்பூர்க் கடற்படைக் கப்பல்கள் சென்றிருக்கின்றன. அவற்றில் பணியாற்றியவர்கள் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள ஷோல்வாட்டர் பே பகுதியில் 1990 முதல் நம் ஆயுதப் படை நடத்தும் வாலபி பயிற்சியைப் போன்றவற்றில், பயிற்சி பெறச் செல்பவர் சில வாரங்களில் திரும்பிவிட்டாலும், ஏற்பாடுகளைக் கவனிப்பவர் அதைவிட நீண்ட காலம் அங்கே தங்க வேண்டியிருக்கும். ஆகாயப் படையினரின் நிலை இன்னும் வேறு. நம் தீவின் வான்வெளி பயிற்சிக்குப் போதாது என்பதால், ஆஸ்திரேலியாவின் பியர்ஸ், ஓக்கி, பிரான்சின் கஸோ, அமெரிக்காவின் மவுண்டன் ஹோம் ஆகிய தளங்களில் நம் படைப்பிரிவுகள் இயங்கிவருகின்றன. அங்கே நீண்ட காலப் பணிக்கு அனுப்பப்படுவோரில் பலர் குடும்பத்தையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். தந்தையைப் பிரிந்து இங்கேயே படிக்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவது ஒன்று, தந்தையுடன் சென்று நாடு திரும்பும் பிள்ளைக்குத் தேவைப்படுவது இன்னொன்று.

வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்ற முயல்வதும் தவறுதான். அமெரிக்காவில் 1986 முதல் ஏப்ரல் மாதம் படைவீரர் பிள்ளைகளுக்கான மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிகளில் ஊதா நிற ஆடை அணிந்து அவர்களைச் சிறப்பிக்கிறார்கள். அங்கே ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாற்றல் என்றால் மாநிலமே மாறும், பள்ளியும் பாடத்திட்டமும் மாறும். அந்தச் சிக்கலைத் தீர்க்க 50 மாநிலங்களும் ஓர் உடன்படிக்கையில் இணைந்திருக்கின்றன. இங்கேயோ தெங்கா தளத்திலிருந்து சாங்கி தளத்துக்கு மாற்றலானாலும் பிள்ளை அதே பள்ளியில்தான் படிக்கும். நம் பள்ளிகளில் ஆதரவு என்பது வகுப்பாசிரியர், பள்ளி ஆலோசகர், சக மாணவர் ஆதரவுக் குழு, மாணவர் பராமரிப்பு நிலையம் ஆகிய பொது அமைப்புகளின் வழியாகவே வருகிறது. இவை நல்ல அமைப்புகள். ஆனால் சொன்னால்தான் இவற்றுக்குத் தெரியும்.

அதனால்தான் பெற்றோரின் மௌனத்தை எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். பணி இரகசியம் வெளியாகிவிடுமோ என்ற அச்சம் சிலருக்கு; பிள்ளையைத் தனியாக முத்திரை குத்திவிடுவார்களோ என்ற தயக்கம் சிலருக்கு. வகுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டியவை மிகக் குறைவே: தந்தையோ தாயோ ஏறத்தாழ எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வீட்டில் இருக்க மாட்டார், அந்தக் காலத்தில் பள்ளி யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், பிள்ளையை யார் அழைத்துச் செல்வார். எந்த நாடு, எந்தக் கப்பல், என்ன பணி என்பவை ஆசிரியருக்குத் தேவையில்லை. அவரும் கேட்கக் கூடாது. "என் தந்தையின் வேலை" என்று கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, விவரம் போதவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர், வீட்டில் "வெளியே சொல்லாதே" என்று அறிவுறுத்தப்பட்ட பிள்ளையை இக்கட்டில் மாட்டிவிடுகிறார். மாற்றுத் தலைப்பு ஒன்றைத் தந்தால் போதும்.

சிறியதாகத் தோன்றினாலும் இன்னொன்றையும் பயணத்துக்கு முன்பே கவனிக்க வேண்டும். பள்ளி அனுப்பும் ஒப்புதல் படிவங்கள் இப்போது பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் வருகின்றன. அதில் நுழையப் பெற்றோரின் சிங்பாஸ், அதாவது அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு, வேண்டும். வழக்கமாகத் தந்தையே அதைப் பார்த்துவந்த வீடுகளில், அவர் கடலில் இருக்கும்போது கற்றல் பயணத்துக்கான ஒப்புதல் தேங்கிக் கிடக்கும். தாயின் கைப்பேசியிலும் செயலியை அமைத்துவிடுவது நல்லது. தாயும் படைப்பணியில் இருந்து, பாட்டி தாத்தா பொறுப்பில் பிள்ளை இருக்குமானால், அவர்களால் செயலியில் ஒப்புதல் தர இயலாது என்பதை முன்கூட்டியே பள்ளியிடம் பேசி மாற்று வழி கேட்டுக்கொள்ள வேண்டும்.

பள்ளிகள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று பிப்ரவரியில் நடக்கிறது. சிங்கப்பூர் வீழ்ந்த நாளான பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினமாகக் கடைப்பிடிக்கப்படும்போது, தந்தை வெளிநாட்டுப் பணியில் இருக்கும் பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுவது அந்தப் பிள்ளையைப் பெருமைப்படுத்தும் என்று நினைக்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது பிடிக்கவும் செய்யலாம். ஆனால் முன்பே தனியாகக் கேட்காமல் செய்வது முறையல்ல. அன்று காலைதான் தந்தையை நினைத்து அழுதுவிட்டு வந்த பிள்ளையாகவும் அது இருக்கக்கூடும். "படைவீரர் பிள்ளை நீ, அழலாமா?" என்ற சொல்லும் அந்த வகையைச் சேர்ந்ததே. நம் தமிழ் வீடுகளில் இதற்கு ஒரு மறுவடிவம் உண்டு. "அப்பா வரும்வரை நீதான் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பத்து வயது மூத்த பிள்ளையிடம் உறவினர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அதை அப்படியே நம்பி, தம்பியின் வீட்டுப்பாடத்தையும் அம்மாவின் கவலையையும் தன் தலையில் ஏற்றிக்கொண்ட பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால், அதைச் சோம்பல் என்று குறித்துவைப்பது எளிது.

இனி, குடும்பத்தோடு செல்லும் பிள்ளைகள். இங்கேதான் தவறுகளின் விளைவு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருப்பதால், தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளையைப் பள்ளியிடமோ கல்வி அமைச்சிடமோ தெரிவிக்காமல் அழைத்துச் சென்றுவிடக் கூடாது. பள்ளியில் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள நீண்ட விடுப்புக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது; அதைக் கேட்காமலே விலகல் கடிதம் கொடுத்துவிடுவோர் இருக்கிறார்கள். உயர்நிலைக்குத் திரும்புவோருக்கு ஸ்பெர்ஸ் எனப்படும் சேர்க்கைத் தேர்வு, அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் சேர்வதற்காக முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் நடக்கிறது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் கல்வியாண்டு ஏறத்தாழ செப்டம்பரை ஒட்டித் தொடங்குகிறது, நம்முடையதோ ஜனவரியில். இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் பயணச்சீட்டு எடுத்தால், பிள்ளை நடுவகுப்பில் வந்து இறங்க நேரிடும்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இழப்பது தமிழில்தான். ஓக்கியிலோ கஸோவிலோ தமிழ் வகுப்பைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. "திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் போய் ஐந்தாம் வகுப்பில் திரும்பும் பிள்ளை, பேச்சை ஓரளவு காப்பாற்றிக்கொண்டாலும் எழுத்தையும் கருத்தறிதலையும் இழந்திருக்கும். அப்போது பலரும் முதலில் கேட்பது தாய்மொழி விலக்கு. வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் விலக்கு என்றால் அந்தப் பாடம் கணக்கிலேயே வராது என்று எண்ணுவது தவறு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் விலக்கு பெற்றவருக்குத் தாய்மொழிக்கென்று 6 முதல் 8 வரையிலான அடைவுநிலை (1 மிகச் சிறந்தது, 8 கடைசி) ஒன்று மற்றப் பாடங்களை வைத்து வழங்கப்படுகிறது. ஓராண்டு முயன்று படித்தாலே அதைவிட நல்ல நிலையை எட்டக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். விலக்குக்கும் வழக்கமான தமிழுக்கும் இடையே ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் அடிப்படைத் தமிழும், உயர்நிலையில் தாய்மொழி 'பி' பாடத்திட்டமும் இருப்பதைத் தமிழாசிரியரிடம் கேட்டறிந்த பிறகு முடிவெடுப்பதே முறை.

போகுமுன் தமிழாசிரியரிடம் பாடநூல்களைக் கேட்டு வாங்கிச் செல்வதும், வாரம் ஒரு பத்தியாவது எழுதி அனுப்பலாமா என்று கேட்பதும் செலவில்லாத ஏற்பாடுகள். திரும்பும்போது, உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படுகிறதா என்று பார்க்காமல் தேர்ந்தெடுத்தால், பள்ளி முடிந்த பிறகு பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேறொரு பள்ளிக்கோ சென்று படிக்க வேண்டியிருக்கும். நல்ல வகுப்புகள்தாம். ஆனால் ஊர் மாறி, நண்பர்களை இழந்து, கணக்கைப் பட்டைகளாக வரைந்து தீர்க்கும் மாதிரி வரைபட முறையை மறுபடி கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு பயணம். பள்ளியும் தன் பங்குக்கு, திரும்பிய முதல் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையின் தரத்தை முடிவுகட்டிவிடாமல், எந்தப் பாடப்பகுதி அங்கே கற்பிக்கப்படவில்லை என்பதைப் பெற்றோருடன் உட்கார்ந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி ஆலோசகரிடம் அனுப்பினால் பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று பொருள் கொள்ளும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது, அதை விட்டுவிடலாம். ஆலோசகர் தாமாக முன்வரவேண்டிய நாள்களும் உண்டு. 2019 ஜனவரியில் நியூசிலாந்தில் பயிற்சியின்போது நேர்ந்த உயிரிழப்பை அடுத்து ஆயுதப் படை தன் பயிற்சிகளின் வேகத்தையே குறைத்தது. நாடு முழுவதும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அத்தகைய செய்தி வரும்போது வகுப்பில் அதை விவாதப்பொருளாக்குமுன், தந்தை அன்று பயிற்சியில் இருக்கும் பிள்ளை அந்த அறையில் இருக்கிறதா என்று ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

தந்தை திரும்பிவிட்டார் என்ற செய்தி வந்ததும் பள்ளி தன் கவனத்தை விலக்கிக்கொள்வதும் தவறே. அவர் இல்லாத மாதங்களில் தாய் வகுத்த படிப்பு நேரமும் படுக்கை நேரமும் வீட்டில் பழகிப்போயிருக்கும். திரும்பியவர் பழைய ஒழுங்கை ஒரே வாரத்தில் நிலைநாட்ட முனைவதும், அதற்குப் பிள்ளை முரண்டுபிடிப்பதும் சேர்ந்து, நன்றாகத் தாக்குப்பிடித்துவந்த பிள்ளையின் வீட்டுப்பாடம் அப்போதுதான் தவறத் தொடங்கலாம். ஒரு பருவம் வரையாவது வகுப்பாசிரியர் குறிப்பெடுத்து வருவதும், அடுத்த பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு இருவரையும் ஒன்றாக வரச்சொல்லி, நடுவில் நடந்தவற்றைத் தாயின் வாயால் தந்தை கேட்குமாறு செய்வதும் நல்ல பலன் தரும்.