திரைப்படக் கல்லூரிக்கு மடிக்கணினியும் எடிட்டிங் மென்பொருளும் வாங்குமுன்

திரைப்படக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்த வாரத்திலேயே பல வீடுகளில் மடிக்கணினி வாங்கிவிடுகிறார்கள். எந்த மென்பொருளில் படத்தொகுப்பு செய்யப்போகிறோம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த வரிசையால்தான். தரமணி எம்.ஜி.ஆர். நிறுவனமானாலும், புனேயிலோ கொல்கத்தாவிலோ உள்ள மத்திய அரசு நிறுவனமானாலும், உங்கள் ஊர்க் கல்லூரியின் விஸ்காம் துறையானாலும், முதலில் அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரைப் பிடித்து, எடிட் லேபில் எந்த மென்பொருள், அதில் எந்தப் பதிப்பு, பயிற்சிப் படங்களை எந்தக் கேமராவில் எடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிப்பைக் கேட்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வீட்டில் புதிய பதிப்பில் சேமித்த புராஜெக்டை லேபின் பழைய பதிப்பு திறக்க மறுப்பதை, ஆசிரியருக்கு ரஃப் கட்டை (முதல்கட்டத் தொகுப்பை) காட்டவேண்டிய காலையில் தெரிந்துகொள்வது கொடுமை.

மென்பொருளில் தேர்வு உண்மையில் நான்குக்குள்தான். அவிட் மீடியா கம்போசர் 1989 முதல் இருந்துவருகிறது. பலர் ஒரே ஃபுட்டேஜை, அதாவது எடுத்த காட்சிப் பதிவுகளை, பகிர்ந்துகொண்டு வேலை செய்யும் பெரிய படங்களுக்குப் பொருத்தமானது. கல்லூரி அதைக் கற்றுத்தந்தால் லேபிலேயே பழகிக்கொள்ளலாம், முதலாண்டிலேயே சொந்தமாக வாங்கவேண்டியதில்லை. பிரீமியர் புரோவுக்கு மாணவர் சலுகை உண்டு. ஆனால் அது சந்தா மென்பொருள், சந்தா நின்றால் பழைய புராஜெக்டும் கைக்கு எட்டாது. ஃபைனல் கட் புரோ ஆப்பிள் கணினிகளில் மட்டுமே இயங்கும். எஞ்சுவது டாவின்சி ரிசால்வ். படத்தின் நிறங்களை இறுதிசெய்யும் டிஐ கூடங்களில் நிறத்திருத்தத்துக்கென வளர்ந்த இந்த மென்பொருளில் இன்று வெட்டுவது, ஒலி சேர்ப்பது, கிராஃபிக்ஸ் எல்லாமே ஒரே இடத்தில் நடக்கின்றன. இதன் இலவசப் பதிப்பிலிருந்து 3840 × 2160 அளவு வரை படத்தை வெளியே எடுக்கலாம். படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்ற சில வசதிகள் மட்டும் கட்டணப் பதிப்புக்குரியவை. கல்லூரி வேறெதையும் கட்டாயமாக்காதவரை முதலாண்டு மாணவருக்கு இதையே நான் சொல்வேன். இவ்வளவு தரமான ஒன்று இலவசமாகக் கிடைக்கும்போது கிராக் செய்த மென்பொருளைத் தேடி வைரஸை வீட்டுக்கு அழைத்துவருவதற்கு நியாயமே இல்லை.

மென்பொருளை நிறுவிய அன்றே தமிழில் ஒரு டைட்டில் அடித்துப் பாருங்கள். ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ ஆகியவை உடையாமல் வருகின்றனவா என்பதே சோதனை. பிரீமியரில் எழுத்து உடைந்தால், கிராஃபிக்ஸ் அமைப்புகளில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்குரியதாக மாற்றவேண்டும்.

இனி மடிக்கணினி. கடைக்காரர் பிராசஸரின் பெயரில் தொடங்குவார். நீங்கள் கேமராவின் கோப்பில் தொடங்குங்கள். மாணவர் கைக்கு வரும் கேமராக்களில் பல எச்.264 அல்லது எச்.265 வடிவத்தில் பதிவுசெய்கின்றன. இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுமையாக இருப்பதில்லை; சில ஃபிரேம்கள் மட்டுமே முழுப்படம், மற்றவை அக்கம்பக்கத்து ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள். படம் பார்ப்பவர் முன்னோக்கியே போவதால் அவருக்குச் சிக்கலில்லை. எடிட்டரோ ஒரு கண்சிமிட்டலுக்காகப் பத்து முறை முன்னும் பின்னும் போகிறவர். ஒவ்வொரு முறையும் கணினி அருகிலுள்ள முழுப்படத்தைத் தேடி அங்கிருந்து கணக்குப்போட்டு வரவேண்டும். விலையுயர்ந்த மடிக்கணினியிலும் டைம்லைன் (காட்சிகளை வரிசையாக அடுக்கி வெட்டும் பகுதி) திக்கித் திணறுவதற்கு இது முக்கியக் காரணம்.

அந்தக் கணக்கைச் செய்யத் தனி வன்பொருள் சில சிப்புகளில் உண்டு. குறிப்பாக நிறத் தகவல் அதிகமுள்ள 10-பிட் 4:2:2 வகை எச்.265 கோப்புகளை ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளும், உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கொண்ட இன்டெலின் 11ஆம் தலைமுறைக்குப் பிந்தைய மடிக்கணினிச் சிப்புகளும் எளிதாகக் கையாளுகின்றன. ஆகவே கல்லூரிக் கேமராவில் எடுத்த ஒரு நிமிட ஃபுட்டேஜை மூத்த மாணவரிடம் வாங்கி, நீங்கள் குறிவைத்திருக்கும் அதே மாடலை வைத்திருக்கும் ஒருவரின் கணினியில் வெட்டிப் பாருங்கள். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பத்துக் கடை ஏறி இறங்கிக் கேட்பதைவிட அந்த ஒரு நிமிடம் அதிகம் சொல்லும்.

சோதனையில் திணறினாலும் வழி இருக்கிறது: ப்ராக்ஸி. மூலக் கோப்புகளுக்கு இலேசான நகல்களை உருவாக்கி, அவற்றில் வெட்டி, முடிவில் மூலத்துக்குத் திரும்புவது. 1920 × 1080 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில், எடிட்டிங்குக்கென ஆப்பிள் உருவாக்கிய புரோரெஸ் வடிவத்தின் இலேசான வகையான புரோரெஸ் ப்ராக்ஸி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17 ஜிபி பிடிக்கும். அதே அளவில், தரம் கூடிய வகையான புரோரெஸ் 422 சுமார் 55 ஜிபி. ப்ராக்ஸியைப் பழகிக்கொண்ட மாணவருக்கு நடுத்தர விலைக் கணினியே போதும்.

ராம் 16 ஜிபிக்குக் கீழே இறங்கவேண்டாம், ரிசால்வில் கிராஃபிக்ஸும் செய்வதானால் 32. ஆப்பிள் மடிக்கணினிகளில் பின்னாளில் ராம் கூட்டமுடியாது என்பதால் வாங்கும்போதே முடிவெடுக்கவேண்டும். விண்டோஸ் பக்கம் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருப்பது ரிசால்வுக்கு முக்கியம்; அதன் சொந்த நினைவகம் குறைந்தது 6 ஜிபி, முடிந்தால் 8. கேமிங் மடிக்கணினி இந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் சரிந்துவிடும். ஸ்பாட் எடிட்டிங்குக்கு, அதாவது படப்பிடிப்புத் தளத்திலேயே வெட்டுவதற்கு, தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் அந்தக் கனமான அடாப்டரையும் சேர்த்து எடைபோடுங்கள்.

திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதை விற்பனைத் தாளில் ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். அதில் சரியாகத் தெரியும் தோல்நிறம் கல்லூரி அரங்கத் திரையில் வேறு நிறமாக இருக்கும். கணினித் திரைகளுக்கான பொது நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபி முழுவதையும், அதாவது 100 சதவீதத்தை, காட்டும் திரையே வேண்டும்.

பட்ஜெட் முழுவதையும் மடிக்கணினியிலேயே கொட்டிவிடாமல், காதை மூடும் நல்ல வயர் ஹெட்போன் ஒன்றுக்கும், வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்றுக்கும், நகல் வைக்க மலிவான ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கும் தொகை ஒதுக்குங்கள். லேபில் மேக்கும் விடுதியில் விண்டோஸுமாக இருந்தால், எஸ்எஸ்டியை முதல் நாளே, இரண்டிலும் படிக்கவும் எழுதவும் முடிகிற எக்ஸ்ஃபேட் அமைப்பில் ஃபார்மேட் செய்துவிடுங்கள். ஃபுட்டேஜ் ஏறிய பிறகு ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். படப்பிடிப்பு முடிந்த இரவில், எஸ்எஸ்டியிலும் ஹார்ட் டிஸ்கிலும் ஏறிய நகல்களைத் திறந்து ஓட்டிப் பார்க்கும்வரை கேமராவின் மெமரி கார்டை யாரிடமும் திருப்பிக்கொடுக்காதீர்கள்.