வேலை நாள் இரவுச் சமையல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை நாள் இரவில் சமையல் இழுத்துக்கொண்டே போவதற்கு அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அரிசி வேகும் நேரம் எல்லார் வீட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். முட்டை வேகும் நேரமும் அப்படியே. நேரம் கரைவது அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால். என்ன செய்யலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பது, பிள்ளைகளைக் கேட்பது, ஒருவர் ஒன்று சொல்ல மற்றவர் வேறொன்று சொல்வது, ஒருவழியாக முடிவான பிறகு வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று தெரியவருவது. இதற்குள் அரை மணி நேரம் போய்விடும். போன நேரத்தைப் பிடிக்க அதன் பிறகு அவசரப்படுகிறோம். அந்த அவசரம் பெரும்பாலும் அவசரப்படவே கூடாத இடத்தில் போய் விழுகிறது: உறைந்த இறைச்சியை வெளியில் எடுத்துப் போட்டு இளகவைப்பது, பயறு வேகும் முன்பே இறக்குவது, தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை விரட்டுவது.

எங்கே வேகத்தைக் கூட்டலாம், எங்கே கூடாது என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டால், சமையலை விரைவாக முடிக்கச் சொல்லப்படும் குறிப்புகளில் பாதி தேவையே படாது என்பது என் எண்ணம்.

பசி வந்த பிறகு முடிவெடுப்பது

களைத்த உடம்போடும் பசித்த வயிற்றோடும் எடுக்கும் முடிவு நல்லதாக அமைவது அரிது. ஆகவே இன்றைய இரவுக்கான முடிவை நேற்றோ இன்று காலையோ எடுத்துவிட வேண்டும். அதற்காக வாரம் முழுவதற்கும் அட்டவணை போட்டு ஒட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏழு நாளுக்கு ஏழு பண்டம் என்று எழுதிவைத்தால் செவ்வாய்க்கிழமை ஒருவருக்குக் காய்ச்சல் வரும், புதன்கிழமை வேலை முடிய நேரமாகும், அட்டவணை அங்கேயே உடைந்துபோகும். நாளுக்கு ஒரு பண்டம் என்பதற்குப் பதிலாக நாளுக்கு ஒரு வகையைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு நாள் முட்டை, ஒரு நாள் பருப்பு, ஒரு நாள் பாஸ்தா அல்லது நூடுல்ஸ், ஒரு நாள் சூப்பும் ரொட்டியும். ஐந்து வேலை நாட்களில் ஒன்றை மிச்சம் மீதிக்கு ஒதுக்கிவிடலாம். முட்டை என்று முடிவாகிவிட்டால் அது பொரியலா, ஆம்லெட்டா, சோற்றோடு கிளறியதா என்பதை அந்த நேரத்தில் கையில் இருப்பதை வைத்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

இதோடு, எந்த நிலையிலும் செய்துவிடக்கூடிய இரண்டு சாப்பாடுகளுக்கான பொருட்கள் வீட்டில் தீரவே கூடாது. அரிசி, முட்டை, உறைந்த பட்டாணி இருந்தால் ஒன்று தயார். பாஸ்தாவும் டப்பாவில் வரும் தக்காளியும் பயறும் இருந்தால் இன்னொன்று. ஒன்றைப் பயன்படுத்திய உடனே வாங்க வேண்டிய பட்டியலில் எழுதிவிட வேண்டும். தீர்ந்த பிறகு எழுதுவதால்தான் தேவைப்படும் நாளில் அது இருப்பதில்லை.

பிள்ளைகளிடம் “என்ன வேண்டும்?” என்று கேட்பதும் இந்தத் தவற்றோடு சேர்ந்ததே. அந்தக் கேள்விக்கு வீட்டில் இல்லாத ஏதோ ஒன்றுதான் பதிலாக வரும். “பட்டாணி போடட்டுமா, கேரட் போடட்டுமா?” என்று கேளுங்கள். தேர்ந்தெடுத்த நிறைவு பிள்ளைக்குக் கிடைக்கும். சமைப்பது என்னவென்பது உங்கள் கையில் இருக்கும்.

“அரை மணி நேரத்தில் தயார்” என்பதை நம்புவது

செய்முறைக் குறிப்புகளில் போடப்படும் நேரம் பெரும்பாலும் எல்லாம் நறுக்கி, கழுவி, அளந்து வரிசையாக வைத்த பிறகு தொடங்குவது. “பொடியாக நறுக்கிய வெங்காயம் இரண்டு கப்” என்று பொருட்பட்டியலில் ஒரு வரி இருந்தால், பத்து நிமிட வேலை அந்த வரிக்குள் ஒளிந்திருக்கிறது. வெங்காயத்தைப் பழுப்பாகி இனிக்கும்வரை வதக்குவதற்குப் பத்து நிமிடம் என்று எழுதியிருப்பார்கள். மிதமான தீயில் அதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். புதிய பண்டத்தை விடுமுறை நாளில் முதல்முறை செய்து பார்த்து, கை பழகிய பிறகு வேலை நாளுக்குக் கொண்டுவாருங்கள்.

விடுமுறை நாளில் வாரம் முழுவதற்கும் சமைத்து அடுக்குவது இதற்கு நேர் எதிரான தவறு. சமைத்த பண்டம் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாட்களுக்கு மேல் தாங்காது. ஞாயிறு செய்தது வெள்ளிக்கு ஆகாது. ஃபிரீசரில் வைத்தால்தான் உண்டு. அதோடு, மூன்றாவது நாளும் அதே குழம்பு என்றால் பெரியவர்களே முகம் சுளிப்பார்கள். முழுச் சாப்பாட்டைச் செய்து வைப்பதைவிட அதன் பகுதிகளைச் செய்து வைப்பதில் பலன் அதிகம். வெந்த உருளைக்கிழங்கு, வெந்த கொண்டைக்கடலை, கழுவி ஈரம் போக உலர்த்திய கீரை, வெங்காயமும் தக்காளியும் சேர்த்து வதக்கிய கலவை ஒரு கிண்ணம். இவற்றில் இரண்டு இருந்தாலே ஒரு நாள் மாலை வேலை பாதியாகக் குறையும்.

வாணலியை நிரப்புவது

அவசரத்தில் நறுக்கிய காய் எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டிவிடுகிறோம். வேகம் கூட்டச் செய்வது; நடப்பது நேர்மாறு. காளான் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. சூடான வாணலியில் ஒரு கை அளவு காளானைப் பரப்பினால் சுரீரென்று சத்தம் கேட்கும், சில நிமிடங்களில் ஓரம் பழுப்பாகும், மணம் எழும். அதே வாணலியில் நான்கு மடங்கு காளானைப் போட்டால் அந்தச் சத்தம் அடங்கி, கொதிக்கிற சத்தமாக மாறிவிடும். அடியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை அதில் கிடக்கும் காயின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாது. பழுப்பு நிறமும் மணமும் தரும் மாற்றம் வேகமெடுப்பதோ ஏறத்தாழ 140 டிகிரியில். எனவே தண்ணீர் வற்றும்வரை நின்று கிளற வேண்டியிருக்கும். வற்றுவதற்குள் காய் குழைந்துவிடும். இரண்டு அடுப்பில் இரண்டு வாணலியாகப் பிரித்துப் போடுங்கள், அல்லது அகலமான பாத்திரத்தை எடுங்கள். பிள்ளைகள் காய் வேண்டாம் என்று தள்ளுவதற்கு இந்தக் குழைந்த, நீர்த்த சுவையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

துண்டுகளின் அளவும் நேரத்தை ஆளுகிறது. முழு உருளைக்கிழங்கு கொதிநீரில் வேக அரை மணி நேரத்தை நெருங்கும். ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் பத்து நிமிடம் போதும். பெரிதும் சிறிதுமாக நறுக்கினால் பெரிய துண்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் சிறியது கரைந்துபோகும். உறைந்த காய்களை இளகவைத்துக் காத்திருக்கவே தேவையில்லை. நேரே சூடான பாத்திரத்தில் போடலாம். அறுவடையானதும் கொதிநீரில் சற்று வாட்டி உடனே உறையவைக்கப்படுவதால் அவற்றின் சத்தும் பெரிதாகக் குறைவதில்லை. அவற்றைக் குறைவான உணவாக நினைத்து ஒதுக்குவது பிஸியான குடும்பத்துக்கு வீண் இழப்பு.

வரிசையும் முக்கியம். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதிக நேரம் எடுப்பதை அடுப்பில் ஏற்ற வேண்டும்: சோறு, பாஸ்தாவுக்குத் தண்ணீர், குக்கரில் பருப்பு. அது வேகும்போது நறுக்கலாம். எல்லாவற்றையும் நறுக்கி முடித்த பிறகு சோறு வைப்பவர்களுக்குச் சாப்பாடு இருபது நிமிடம் தாமதமாகிறது.

அவசரப்படக் கூடாத இடங்கள்

காலையில் கோழியை ஃபிரீசரிலிருந்து எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவது பலர் செய்வது. உள்ளே உறைந்திருக்கும்போதே வெளிப்பகுதி அறை வெப்பத்துக்கு வந்துவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகும். முந்தின நாள் இரவே ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றுவதே பாதுகாப்பான வழி. மறந்துவிட்டால் தண்ணீர் புகாத பையில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். அதற்கும் நேரமில்லை என்றால் அன்றைக்கு முட்டை செய்துவிடுவது மேல். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவுவதையும் விட்டுவிடலாம்: தெறிக்கும் நீர்த்துளிகளோடு கிருமிகள் தொட்டிக்கும் பக்கத்தில் இருக்கும் பாத்திரங்களுக்கும் பரவும். அவற்றைக் கொல்வது வெப்பம்தான்; நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும்.

ராஜ்மா எனப்படும் சிவப்பு பீன்ஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ ஒரு சில விதைகளைத் தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். ஏறத்தாழ 80 டிகிரியில் மந்தமாகச் சூடேற்றினால் நச்சுத்தன்மை கூடவும் செய்யும். அதனால் ஸ்லோ குக்கரில் நேரடியாக அதைப் போடவே கூடாது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது. வேலை நாளுக்கு அதுவே பொருத்தம். தண்ணீரை வடித்து அலசினால் உப்பும் குறையும்.

மிஞ்சிய சோற்றை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்கிப் பிழைக்கும். சோறு பானையிலேயே இரவு முழுவதும் வெதுவெதுப்பாக இருந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. சாப்பிட்டு முடித்ததும் மீதியை அகலமான பாத்திரத்தில் மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடுபடுத்தும்போது இடையில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஓரம் கொதித்து நடு சில்லென்று இருப்பது அதன் இயல்பு; பிள்ளைக்குக் கொடுக்கும் முன் நடுவில் தொட்டுப் பாருங்கள்.

பிள்ளையின் தட்டு

பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைக்குத் தனியாக ஒன்று என்று சமைக்கத் தொடங்கினால் வேலை இரட்டிப்பாகும். அதைவிட, புதிய சுவையைப் பார்க்கும் வாய்ப்பே பிள்ளைக்கு இல்லாமல் போகும். ஒரு காயை ஏற்றுக்கொள்ளப் பத்து, பதினைந்து முறைகூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். இரண்டு முறை மறுத்ததும் “இவனுக்குப் பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரே சாப்பாட்டைச் செய்து, அதில் பிள்ளை நிச்சயம் சாப்பிடும் ஒரு பொருளாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்: வெறும் சோறு, ரொட்டி, தயிர், ஒரு பழம். காரமும் உப்பும் சேர்ப்பதற்கு முன் சிறு பிள்ளையின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. உடனடி நூடுல்ஸோடு வரும் மசாலாப் பொட்டலத்தை முழுவதும் கொட்டாமல் பாதியை மட்டும் போடுவது இதற்காகத்தான்.

வற்புறுத்துவது மிகப் பரவலான தவறு. மிகவும் வீணானதும் அதுவே. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறு பிள்ளைகளிடம் சூப்பைக் குடித்து முடிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பத் தூண்டினார்கள். அப்படித் தூண்டாதபோதுதான் பிள்ளைகள் அதிகம் சாப்பிட்டார்கள். சூப்பைப் பற்றிக் குறை சொன்னதும் மிகவும் குறைந்தது. பரிசு காட்டுவதும் இப்படியே முடிகிறது. லியான் பர்ச் என்ற ஆய்வாளரின் குழு 1984-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பானத்தைக் குடித்ததற்குப் பரிசு பெற்ற பிள்ளைகளுக்குப் பிறகு அந்தப் பானத்தின் மீது விருப்பம் குறைந்தது. காயைத் தின்றால் இனிப்பு என்று சொல்லும்போது, காய் சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வகுத்துத் தந்த பிரிவினை எனக்கு மிகவும் பிடித்தது. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. இதைக் கடைப்பிடித்தால் சாப்பாட்டு நேரம் தானாகவே குறையும், ஏனென்றால் நம் வீடுகளில் அந்த நேரத்தை நீட்டுவது பேரம்தான். “இன்னும் நாலு வாய்” என்று தொடங்கும் பேச்சு இருபது நிமிடத்தை விழுங்கிவிடும்.

இந்தப் பிரிவினை பலிக்க, மேசைக்கு வரும்போது பிள்ளைக்குப் பசி இருக்க வேண்டும். ஆறு மணிக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு எட்டு மணிக்குச் சாப்பிடவில்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை. சமையல் முடியும்வரை பொறுக்க முடியாத பிள்ளைக்கு அன்றைய காயையே முதலில் கொடுங்கள்: ஆவியில் வெந்த கேரட், வெள்ளரித் துண்டு, சோற்றுக்குப் போட எடுத்த பட்டாணியில் ஒரு கிண்ணம். பசியின் உச்சத்தில் காய்க்குப் போட்டியாக வேறெதுவும் தட்டில் இருக்காது.

அவசரத்தில் மறந்துபோகும் இன்னொன்று, துண்டுகளின் வடிவம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு முழு திராட்சையும் சிறு தக்காளியும் தொண்டையில் அடைக்கக்கூடியவை. நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். முழுக் கொட்டைகள் வேண்டாம். ஓடிக்கொண்டோ விளையாடிக்கொண்டோ சாப்பிட விடுவதும் வேண்டாம்.

பிள்ளைகளைச் சமையலறையை விட்டு விரட்டுவதை வேகத்துக்கான வழியாகப் பலர் நினைக்கிறார்கள். முதல் சில வாரங்களுக்கு அது உண்மைதான். நான்கு வயதுப் பிள்ளை கீரை ஆய்ந்தால் நாம் ஆய்வதைவிட நேரமாகும். ஆனால் எட்டு வயதில் அதே பிள்ளை முட்டை அடித்து, தட்டு வைத்து, காய் கழுவித் தரும். ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமக்கும் வீட்டில் எந்த வேகக் குறிப்பும் நெடுநாள் உதவாது. எனவே இன்று யார் நறுக்குவது, யார் பாத்திரம் துலக்குவது என்பதையும் காலையில் சாப்பாட்டை முடிவுசெய்யும்போதே பேசி வைத்துவிடுங்கள்.