அரசியல் கைவிட்ட பிறகு எதை எழுதுவது, எப்படித் தொடங்குவது

நம்பிய கட்சி தோற்றிருக்கலாம். ஜெயித்தபின் சொன்னதற்கு நேர்மாறாக நடந்திருக்கலாம். அது இன்னும் வலிக்கும். வருடக்கணக்கில் அரசியல் எழுதியவர்களுக்கு அதன்பிறகு கை ஓடாது. "எழுதி என்ன ஆகப்போகிறது?" என்று மனம் கேட்கும். கேள்வி நியாயமானதுதான். அதுவரை எழுதியதெல்லாம் ஒரு முடிவு வர வேண்டும் என்பதற்காக எழுதியது. முடிவு கைநழுவியதும் எழுத்துக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. அதற்கு வேறு வேலை கொடுங்கள், உற்சாகம் பின்னால் வரும்.

முதல் நான்கு நாள்

முதலில் ஒரு நோட்டை எடுங்கள். தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், நடந்ததையும் அது உங்களை என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். இந்த அளவு அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. மனதைப் புண்படுத்திய அனுபவங்களை அப்படி எழுதிய மாணவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது. அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. எனவே இரண்டாம் நாள் மனது மோசமானால் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இந்தப் பக்கங்கள் யார் கண்ணிலும் படக் கூடாது. சூட்டோடு எழுதுவது ஆட்களை நோக்கித்தான் பாயும். வெளியே விட்டால் அடுத்த மாதம் முழுக்க அதற்கு விளக்கம் சொல்லியே தீர்ந்துபோவீர்கள். "இனி அரசியல் எழுத மாட்டேன்" என்ற அறிவிப்பும் வேண்டாம். அறிவித்துவிட்டால் திரும்பி வருவதற்கே ஒரு காரணம் தேட வேண்டிவரும்.

பழையதைப் பிரித்துப் பாருங்கள்

கடைசியாக எழுதிய 50 கட்டுரைகளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். யார் ஜெயிப்பார், என்ன நடக்கும் என்று ஆரூடம் சொன்னவை ஒரு பக்கம். யாரோ பேசியதற்குப் பதிலடியாக எழுதியவை இன்னொரு பக்கம். ஒரு விஷயம் எப்படி இயங்குகிறது என்று விளக்கியவை, நேரில் கண்டதைப் பதிந்தவை மூன்றாவது. பெரும்பாலும் மூன்றாவது குவியல்தான் சிறிதாக இருக்கும். ஆனால் இரண்டு வருடம் கழித்தும் படிக்க முடிவது அதுதான். அந்தக் குவியலில் எந்த விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள்: தண்ணீரா, பள்ளிக்கூடமா, போக்குவரத்தா? உங்கள் அடுத்த வேலை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

தவறாகிப்போன ஆரூடங்களை அழிக்காதீர்கள். அடியில் இன்றைய தேதி போட்டு, "இப்படி நினைத்தேன், நடந்தது இது" என்று ஒரு வரி சேருங்கள். வாசகர் உங்களை மறுபடி நம்புவதற்கு அந்த ஒரு வரி போதும்.

கேள்வியை மாற்றுவது

இதுதான் முக்கியமான இடம், அவசரப்பட வேண்டாம். "யார் துரோகம் செய்தார்கள்?" என்ற கேள்வி ஒரே பதிலைச் சுற்றிச்சுற்றி வரும். 14ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்ன் கல்தூன் வட ஆப்பிரிக்க அரசவைகளில் பதவியும் பார்த்தவர், சிறையும் பார்த்தவர். 1375இல் எல்லாவற்றையும் விட்டு, இன்று அல்ஜீரியாவில் உள்ள ஒரு கோட்டையில் ஒதுங்கினார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, அரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் சரிகின்றன என்பது. அதற்கான பதிலாக, தன் வரலாற்று நூலின் முன்னுரையை 1377இல் ஐந்தே மாதத்தில் எழுதினார்.

நமக்கு அவ்வளவு பெரிய கேள்வி வேண்டியதில்லை, சின்னதாக இருந்தால்தான் தாங்கும். எடுக்கும் விஷயத்தை மூன்று விதமாகச் சோதியுங்கள்: ஒரு மணி நேரத்துக்குள் போய் நேரில் பார்க்க முடியுமா? அதைப் பற்றி யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொது ஆவணம் உண்டா? அடுத்த தேர்தலில் யார் வந்தாலும் அது தொடருமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேருந்து நிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையை எழுதிக்கொண்டு 10 நாள் ஒரே நேரத்தில் போய் நில்லுங்கள். குறிப்பு இப்படி இருக்கட்டும்: "செவ்வாய். 7.40க்கு வர வேண்டியது 7.58க்கு வந்தது. நின்றவர்கள் 14, ஏறியவர்கள் 9." "போக்குவரத்துத் துறை தூங்குகிறது" என்று எழுதினால் கட்சிக்காரர் இருவர் சண்டை போடுவார்கள், அதோடு சரி. இந்தக் குறிப்பை யாராலும் மறுக்க முடியாது. அதுமட்டுமா, ஏறாமல் நின்ற அந்த 5 பேர் ஏன் ஏறவில்லை? கூட்டமா, படி உயரமா, வேறு வண்டிக்குக் காத்திருந்தார்களா? கட்டுரை பிறப்பது அங்கேதான். போய்க் கேளுங்கள், ஆனால் பெயரைக் கேட்டு எழுதாதீர்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு மொழி இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பேராசிரியராக இருந்த விக்டர் கிளெம்பரர் யூதர் என்பதால் 1935இல் வேலையை இழந்தார். நாஜி ஆட்சியாளர்கள் சொற்களை எப்படித் திரிக்கிறார்கள் என்று நாட்குறிப்பில் குறித்துக்கொண்டே வந்தார். "வெறித்தனமான" என்பது பாராட்டுச் சொல்லாக மாறியதையும் கவனித்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து உருவான நூல் 1947இல் வந்தது. நீங்களும் அறிவிப்புகளிலும் பேச்சுகளிலும் வரும் ஒரு சொல்லை எடுங்கள். தேதி, சொன்ன இடம், முன்பு என்ன பொருள், இப்போது என்ன பொருள் என்று நான்கு கட்டம் போட்டுக் குறியுங்கள்.

எங்கே சறுக்கும்

இரண்டு வாரத்துக்கு ஒன்று, 400 வார்த்தை, கிழமையை மாற்றாதீர்கள். தினமும் எழுதுவேன் என்று கிளம்பினால் சரக்கு தீர்ந்து மறுபடி பதிலடிக்கே போய்விடுவீர்கள்.

சண்டை பார்க்க வந்தவர்கள் விலகுவார்கள். அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு பழைய பாணிக்குத் திரும்புவதுதான் பலரும் விழும் குழி. 6 கட்டுரை முடியும்வரை எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்க்கவே பார்க்காதீர்கள். அதன்பிறகும் எண்ணிக்கையைவிட, "எங்கள் பக்கமும் இப்படித்தான்" என்று யாராவது தகவலோடு எழுதினார்களா என்று பாருங்கள்.

பெரிய செய்தி வரும்போது கை துடிக்கும். எழுதுங்கள், 48 மணி நேரம் வையுங்கள். உங்கள் விஷயத்தைத் தொடும் பத்தி அதில் இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை நோட்டிலேயே விடுங்கள்.

உங்கள் சாய்வை மறைக்கவும் வேண்டாம். யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டு எண்ணுவதைத் தொடருங்கள். நீங்கள் ஆதரித்தவர் பதவியில் இருக்கும்போதும் அதே நிறுத்தத்தில், அதே நேரத்தில், அதே நோட்டோடு போய் நில்லுங்கள்.