பள்ளி திறக்கும் முன்: மே மாத மின் பராமரிப்பை எங்கிருந்து தொடங்குவது

பள்ளிக்கூடத்துப் புகார் நோட்டில் பெரும்பாலும் இரண்டே வகைப் புகார்தான் இருக்கும்: ஃபேன் சுற்றவில்லை, லைட் எரியவில்லை. எர்த் ஒயர் (பாடியில் கரண்ட் பட்டால் அதை மண்ணுக்குள் இறக்கும் ஒயர்) அறுந்துவிட்டது என்று யாரும் எழுத மாட்டார்கள், ஏனென்றால் அது அறுந்த பிறகும் எல்லாம் வழக்கம்போல ஓடும். பிள்ளைகள் உயிருக்கு ஆபத்தான பழுதுகள் இப்படிச் சத்தமில்லாதவைதான். அதனால் புகார் நோட்டைப் பார்த்து வேலை வரிசையைப் போடாதீர்கள். முதலில் எர்த், அடுத்து ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), பிறகு தலைக்கு மேல் தொங்கும் ஃபேன். எரியாத டியூப் லைட் கடைசியில் வரட்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முழுக் கட்டடத்துக்கும் கரண்டை நிறுத்திவிட்டு வேலை செய்ய நிதானமாக நாள் கிடைப்பது மே மாத விடுமுறையில்தான். டிபி பாக்ஸை (எல்லா லைனும் பிரியும் சுவிட்ச் பெட்டி) திறக்கும் வேலையெல்லாம் மின்கம்பியாள் சான்றிதழ் உள்ளவருக்கானது. தலைமை ஆசிரியரும் மேலாண்மைக் குழுவினரும் எதைச் செய்யச் சொல்ல வேண்டும், எந்த அளவைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் இது உதவும்.

கை வைக்கும் முன்

மெயின் சுவிட்சை இறக்கினால் மட்டும் போதாது. ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) என்றால் டிபி கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள். ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை உள்ள பள்ளிகளில் மெயினை நிறுத்தினாலும் யுபிஎஸ் லைனில் கரண்ட் இருக்கும். அதைத் தனியாக நிறுத்த வேண்டும். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடி கரண்ட் உள்ள இடத்தில். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் இப்படித்தான் தெரியும். அலுமினிய ஏணி வேண்டாம். மரம், மூங்கில் அல்லது ஃபைபர் ஏணி போதும்.

எர்த்

எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு அளக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மண் நன்றாகக் காய்ந்திருக்கும் மே மாதத்தில் வரும் அளவுதான் ஆண்டின் மோசமான அளவு. நமக்குத் தெரிய வேண்டியது அதுதான். எர்த் பைப்பிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டு எர்த் டெஸ்டரை (எர்த்தின் ஓமை அளக்கும் கருவி) இணையுங்கள். ஒரு கம்பியை 30 மீட்டர் தூரத்திலும், மற்றொன்றை அதே நேர்க்கோட்டில் 18 அல்லது 19 மீட்டரிலும் அடியுங்கள். நடுக் கம்பியை 3 மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மேலும் இரண்டு முறை அளங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் அளவு சரி. பெரிதும் மாறினால் தூரத்துக் கம்பியை இன்னும் தள்ளி அடிக்க வேண்டும். 5 ஓமுக்குள் கொண்டுவரப் பாருங்கள். வராவிட்டால் முதலில் கிளாம்ப், போல்ட்டுத் துருவைச் சுரண்டிப் புதிதாக மாட்டுங்கள். அப்படியும் குறையாவிட்டால் 3 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இன்னொரு எர்த் போட்டு இரண்டையும் இணைத்துவிடுங்கள்.

எர்த் நன்றாக இருக்கிறது, எம்சிபியும் இருக்கிறது, அப்புறம் ஆர்சிசிபி எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஒயர் மட்டும் கம்பத்திலிருந்து வந்து, எர்த்தைப் பள்ளியிலேயே போட்டிருந்தால், கிரைண்டர் பாடியில் பேஸ் (கரண்ட் வரும் ஒயர்) பட்டதும் 5 ஓம் எர்த் வழியாக அதிகபட்சம் 230ஐ 5ஆல் வகுத்த 46 ஆம்பியர்தான் ஓடும். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். ஆகவே அது சூடேறி விழப் பல நொடிகள் ஆகும், அதுவரை பாடியில் கரண்ட் இருக்கும். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கண் இமைக்கும் முன் விழுந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு பிளக் பாயின்ட்டாகப் போக வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டு, மூன்றாவது (எர்த்) பின் துளைக்கும் டிபியின் எர்த் பட்டைக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நீளமான ஒயரில் அளந்தால், இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்து வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். 1 ஓமுக்கு மேல் போனால் எங்கோ லூஸ் அல்லது துரு. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பை வைத்துப் பார்க்கும் முறை பள்ளியில் வேண்டாம். எர்த் ஒயர் நடுவில் அறுந்திருந்தால், அந்தப் பல்பு வழியாகவே அந்த லைனில் உள்ள வாட்டர் கூலர், கிரைண்டர் பாடிக்கெல்லாம் கரண்ட் போய்விடும்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால்

பள்ளிகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு, ஆர்சிசிபி விழுகிறது என்று அதை ஜம்ப் (துண்டு ஒயரால் நேரடி இணைப்பு) போட்டுத் தாண்டிவிடுவது. டிபியைத் திறந்ததும் முதலில் இதைப் பாருங்கள். ஜம்ப் இருந்தால் எடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். நிற்கிறதென்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள், விழச் செய்யும் லைன் தெரிந்துவிடும். எம்சிபி எல்லாம் இறங்கியிருந்தும் விழுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எங்கோ எர்த்தைத் தொடுகிறது. சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். மெயினை நிறுத்தி, நியூட்ரல் பட்டையிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் தூக்கிப் பாருங்கள். ஓதம் ஏறிய சுவிட்ச் பாக்ஸ், ஆணி இறங்கிய பைப், எலி கடித்த ஒயர் ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் கிடைக்கும். இரண்டு ஆர்சிசிபி உள்ள டிபியில் ஒன்றின் நியூட்ரலை மற்றொன்றின் பட்டையில் மாட்டியிருந்தாலும், லைட்டைப் போட்டவுடனே விழும்.

கம்ப்யூட்டர் லேபில் பழுதே இல்லாமலும் விழலாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஏறத்தாழ 1 மில்லியாம்பியர் எர்த்துக்குக் கசிய விடும். 30 என்று எழுதிய ஆர்சிசிபி 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். 20 கம்ப்யூட்டரை ஒன்றில் மாட்டினால் விழத்தான் செய்யும். 6 முதல் 8 வரை ஒன்றுக்கு என்று பிரித்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். பட்டன் வேலை செய்தால் ஆர்சிசிபி நல்லது என்றுதான் அர்த்தம், எர்த் நல்லது என்று அர்த்தமில்லை.

மெக்கர்

பிளக்கில் மாட்டியதையெல்லாம் கழற்றுங்கள். மெயினிலும் ஆர்சிசிபியிலும் அந்த லைனைப் பிரித்துவிட்டு, பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் மெக்கர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வையுங்கள். இப்படிச் சேர்த்து வைத்தால் எல்இடி விளக்குகள் கெடாது. 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனைப் பயன்படுத்தக் கூடாது. நல்ல ஒயரிங்கில் இதைவிடப் பல மடங்கு வரும்.

மெயின் நியூட்ரல்

மூன்று பேஸ் வரும் பள்ளிகளில் நியூட்ரல் லூஸானால் சில அறைகளில் லைட் மங்கும், சில அறைகளில் கண் கூசும். 230 வர வேண்டிய இடத்தில் 300, 350 என்று ஏறி, எல்இடி, கம்ப்யூட்டர், யுபிஎஸ் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். மெயினில் நியூட்ரல் போல்ட்டையும் லக்கையும் (ஒயர் முனையில் நெரித்து மாட்டும் உலோகத் துண்டு) கழற்றிப் பாருங்கள். கறுத்திருந்தால் ஒயரை வெட்டிப் புது லக் வைத்துக் கிரிம்ப் செய்யுங்கள். மீட்டருக்கு முன்னால் பழுது என்றால் அது மின்வாரியத்தின் வேலை. எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

ஃபேன்

ஏணியில் ஏறிக் கனோபியை (கொக்கியை மறைக்கும் மேல் மூடி) இறக்குங்கள். பார்க்க வேண்டியவை: கொக்கி, அதில் மாட்டிய ரப்பர் புஷ், ஷேக்கிள் போல்ட் (ஃபேனைக் கொக்கியில் பிடித்து நிறுத்தும் போல்ட்), அதன் நட், நட்டுக்குப் பின் ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் இரு கால் பின்). டவுன் ராடின் (ஃபேன் தொங்கும் குழாய்) கீழ் முனையிலும் இன்னொரு போல்ட்டும் பின்னும் உண்டு, பலர் அதைப் பார்ப்பதில்லை. ஸ்பிளிட் பின் இல்லாத இடத்தில் ஒயர்த் துண்டைச் சுற்றி வைத்திருப்பார்கள். அது சில மாதங்களில் அறுந்துவிடும், நட் மெல்லக் கழன்று இறங்கும். சரியான பின்னையே போட்டு இரு காலையும் விரித்துவிடுங்கள். ஒரு பின்னின் விலை சில ரூபாய்தான். அதன் கீழே ஒரு பெஞ்ச் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மழை ஒழுகும் கூரையில் கொக்கி துருப்பிடித்து மெலிந்திருந்தால் ஃபேனை இறக்கிவிடுங்கள். காரை பெயர்ந்த கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட்டும் பிடிக்காது. கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்கு முதலில் கப்பாசிட்டரை அளங்கள். 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியது 2க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். தொடுமுன் அதன் கரண்டை இறக்கிவிடுங்கள். வேகம் கூடட்டும் என்று பெரிய கப்பாசிட்டர் போட்டால் ஃபேனின் காயில் (செம்புச் சுருள்) சூடேறி எரியும். கையால் சுற்றும்போது கரகரவென்றால் பேரிங். பழையதில் பொறித்த எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள்.

சமையலறை, மோட்டார்

காலை உணவும் சத்துணவும் சமைக்கும் அறையின் தரை எப்போதும் ஈரம். அங்கே தனி 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். கிரைண்டர் ஒயரில் டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் ஒயரையே முழுதாக மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது.

மோட்டார் ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுந்தால் ஓவர்லோடு ரிலேவை (அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் பகுதி) திருகி ஏற்றிவிடுவது மோட்டார் காயில் எரிவதற்கு நேர்வழி. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்து, பெயர்ப் பலகையில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, ரிலேவை அந்த அளவிலேயே வையுங்கள். மோட்டாரைப் போடப் பிள்ளைகளை அனுப்புவதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

தேர்தலுக்கு வாக்குச்சாவடியான அறைகளையும் ஒருமுறை சுற்றிவாருங்கள். அவசரமாக இழுத்த ஒயரும் முனை மூடாத ஹோல்டரும் ஜன்னல் ஓரத்தில் அப்படியே தொங்கலாம். ஆண்டு விழாவுக்கு மெயினிலிருந்து நேராக எடுத்த லைனும் அப்படித்தான். கொடிக்கம்பம் மின்கம்பிக்கு அருகில் இருந்தால், சாய்த்து நிமிர்த்தும்போது நுனி எதுவரை போகும் என்று அளந்து, எட்டும் தூரமென்றால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

எர்த் ஓம், ஒவ்வொரு லைனின் மெகாஓம், ஆர்சிசிபி அழுத்திய தேதி ஆகியவற்றை டிபி எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் ஈரம் கண்ட சுவர்களில் உள்ள லைனுக்கு மறுபடி மெக்கர் வைத்து, மே மாத அளவின் பக்கத்திலேயே குறியுங்கள். 50 மெகாஓம் இருந்த இடத்தில் 2 வந்தால், 1க்கு மேல் இருக்கிறதே என்று விட வேண்டாம். அந்த பைப்பில் தண்ணீர் இறங்குகிறது. அந்த அறையின் எம்சிபியை இறக்கிவிட்டு, வகுப்பை வேறு அறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.