கிணற்று மோட்டரும் ஒரு வரி பேசிக்கும்: அண்ட், ஆர், நொட் கணிக்கப்படும் வரிசை

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர மணலில் தோட்டம் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் கிணற்று நீர் நன்றாக இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் மோட்டரை ஓடவிட்டால் சீல் சூடேறிக் கெட்டுப்போகும். இதைத் தடுக்க ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் (ப்ரோகிராம் போடக்கூடிய சின்னக் கணினிச் சிப்) போதும், வேலையும் சின்னதுதான். ஆனால் அதில் வரும் ஒரே ஒரு இஃப் வரி ('இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற வரி) பிசகினால், மோட்டரைக் காப்பாற்ற எழுதிய ப்ரோகிராமே அதை வறண்ட கிணற்றில் ஓடவிடும். பேசிக் என்ற எளிய ப்ரோகிராம் மொழியில் அந்த ஒரு வரியைத்தான் இங்கே நிதானமாகப் பார்க்கப்போகிறோம்.

நான் எடுத்துக்கொள்வது ராஸ்பெரி பை பிக்கோ. 2021 இல் வந்த, விலை குறைந்த போர்ட். பூட்செல் பட்டனை அமத்திக்கொண்டு யூஎஸ்பியில் செருகினால் அது கணினியில் ஒரு டிரைவாகத் தெரியும். பிக்கோமைட் ஃபேர்ம்வெயர் ஃபைலை அதற்குள் கொப்பி செய்தால் எம்எம்பேசிக் (பேசிக் மொழியின் ஒரு வகை) தயார். டெரா டேர்ம் மாதிரி ஒரு டேர்மினலை (போர்டோடு எழுத்தில் பேசும் மென்பொருள்) கணினியில் திறந்தால், கட்டளை அடிக்கும் இடமான ப்ரொம்ப்ட் வரும். அங்கே ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் உடனே விடை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம்.

கீழே கட்டளைகளையும் பெயர்களையும் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: விதியை முதலில் வாயால் சொல்லுங்கள்

"தாங்கியில தண்ணி குறைஞ்சா மோட்டர் ஓடணும். நான் கையால சுவிட்சைப் போட்டாலும் ஓடணும். ஆனா கிணத்துல தண்ணி இருந்தாத்தான்."

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. அவற்றுக்கு கை, குறைவு, கிணறு என்று பெயர் வைப்போம். ஒவ்வொன்றும் 1 அல்லது 0. கிணற்றில் தண்ணீர் இருந்தால் கிணறு = 1. மூன்றாவது வாக்கியம் முதல் இரண்டுக்கும் சேர்த்துப் போட்ட பூட்டு என்பதைக் கவனியுங்கள். முழுச் சிக்கலும் அங்கேதான்.

படி 2: மனதில் வருகிறபடி எழுதிப் பாருங்கள்

இஃப் கை ஆர் குறைவு அண்ட் கிணறு தென்

ஆர் என்றால் 'அல்லது': ஒன்றாவது 1 என்றால் விடை 1. அண்ட் என்றால் 'இரண்டும்': இரண்டும் 1 என்றால்தான் விடை 1. வாசிக்கும்போது வரி சரியாகத்தான் படுகிறது. ஆனால் இந்த வரிக்கு இரண்டு பொருள் உண்டு:

(கை ஆர் குறைவு) அண்ட் கிணறு
கை ஆர் (குறைவு அண்ட் கிணறு)

தாங்கி நிறைந்திருக்கிறது, கிணறு வற்றிவிட்டது, யாரோ தெரியாமல் கைச் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். கை = 1, குறைவு = 0, கிணறு = 0.

முதல் பொருளில்: 1 ஆர் 0 என்பது 1. பிறகு 1 அண்ட் 0 என்பது 0. மோட்டர் நிற்கும்.
இரண்டாவதில்: 0 அண்ட் 0 என்பது 0. பிறகு 1 ஆர் 0 என்பது 1. மோட்டர் ஓடும், அதுவும் வறண்ட கிணற்றில்.

படி 3: உங்கள் பேசிக் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்

ப்ரொம்ப்டில் இதை அடியுங்கள்:

? 1 ஆர் 0 அண்ட் 0

கேள்விக்குறி என்பது பிரிண்ட் கட்டளையின் சுருக்கம். எம்எம்பேசிக் 0 என்று சொல்லும். அதில் அண்ட், ஆர், எக்ஸ்ஓஆர் (இரண்டில் ஒன்று மட்டும் 1 என்றால் விடை 1) மூன்றும் ஒரே தரம். இடமிருந்து வலமாக வந்த வரிசையில் கணிக்கப்படும். இதே வரியைப் பழைய ஜிடபிள்யூ பேசிக்கிலோ க்யூபேசிக்கிலோ அடித்தால் 1 வரும். அங்கே நொட் (1 ஐ 0 ஆகவும் 0 ஐ 1 ஆகவும் திருப்புவது) முதலில், அடுத்து அண்ட், அதன் பிறகே ஆர். கணக்கில் கூட்டலுக்கு முன் பெருக்கல் வருகிற மாதிரி.

ஆகவே படி 2 இல் எழுதிய வரி எம்எம்பேசிக்கில் சரியாகவே ஓடும். ஆனால் அது தற்செயல். அதே விதியை இப்படித் திருப்பி எழுதுங்கள்:

இஃப் கிணறு அண்ட் குறைவு ஆர் கை தென்

இப்போது எம்எம்பேசிக்கிலும் கைச் சுவிட்ச் கிணற்றைத் தாண்டிக்கொண்டு போய்விடும். வரிசையை மனப்பாடம் செய்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அண்டும் ஆரும் ஒரே வரியில் வந்தால் அடைப்புக்குறி போட்டே ஆகவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

படி 4: வயரையும் முழுப் ப்ரோகிராமையும் சேருங்கள்

பிக்கோவின் ஜிபி13 என்ற பின்னில் (வயர் இணைக்கும் முனை) கைச் சுவிட்ச், 14 இல் தாங்கியின் மிதவைச் சுவிட்ச், 15 இல் கிணற்றின் மிதவைச் சுவிட்ச். மூன்றின் மறுமுனையும் கிரவுண்டுக்கு. மோட்டருக்குப் பதிலாக ஜிபி16 இல் ரெசிஸ்டரோடு ஒரு எல்ஈடி. கீழே டின் என்பது உள்ளீடு, டவுட் என்பது வெளியீடு, போஸ் 200 என்பது 200 மில்லிசெக்கன் பொறுத்திருப்பது.

செட்பின் ஜிபி13, டின், புல்அப்
செட்பின் ஜிபி14, டின், புல்அப்
செட்பின் ஜிபி15, டின், புல்அப்
செட்பின் ஜிபி16, டவுட்
டூ
கை = நொட் பின்(ஜிபி13)
குறைவு = நொட் பின்(ஜிபி14)
கிணறு = நொட் பின்(ஜிபி15)
இஃப் (கை ஆர் குறைவு) அண்ட் கிணறு தென்
பின்(ஜிபி16) = 1
எல்ஸ்
பின்(ஜிபி16) = 0
எண்ட் இஃப்
போஸ் 200
லூப்

நொட் எதற்கு? புல்அப் என்பது சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை 1 இல் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர். அதைப் போட்ட பின்னில் சுவிட்ச் மூடினால் 0, திறந்தால் 1 வரும். அதைத் திருப்பி வைத்தால்தான் 'கை = 1 என்றால் போட்டிருக்கிறது' என்று இயல்பாக வாசிக்கலாம். கிணற்றுச் சுவிட்ச் தண்ணீர் இருக்கும்போது மூடியிருக்கும்படி பொருத்துங்கள். கடற்காற்றின் உப்பில் வயர் முனை அரித்து அறுந்தால்கூட கிணறு = 0 ஆகி மோட்டர் நின்றுவிடும்.

படி 5: எட்டு நிலையையும் ஓட்டிப் பாருங்கள்

மூன்று உள்ளீடு என்றால் எட்டு நிலைகள்தான். விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் பார்க்கலாம்:

ஃபோர் கை = 0 டு 1
ஃபோர் குறைவு = 0 டு 1
ஃபோர் கிணறு = 0 டு 1
பிரிண்ட் கை, குறைவு, கிணறு, (கை ஆர் குறைவு) அண்ட் கிணறு, கை ஆர் (குறைவு அண்ட் கிணறு)
நெக்ஸ்ட் கிணறு
நெக்ஸ்ட் குறைவு
நெக்ஸ்ட் கை

நான்காவது நிரலில் மூன்று இடத்தில் 1 வரும், ஐந்தாவதில் ஐந்து இடத்தில். வேறுபடுவது 1 0 0, 1 1 0 என்ற இரண்டு வரிகளில் மட்டும். இரண்டிலும் கிணறு வற்றியிருக்கிறது. உயர்தரத்தில் ஐசிடி படிக்கிறவர்களுக்கு மெய்யட்டவணை (எல்லா நிலைகளையும் அவற்றின் விடைகளையும் காட்டும் அட்டவணை) புதிதில்லை. பரீட்சைத் தாளில் போடும் அதே அட்டவணைதான் இங்கே திரையில் ஓடுகிறது.

நொட் பற்றிக் கொஞ்சம்

நொட் தனக்கு அடுத்திருக்கும் மதிப்பையே பிடிக்கும். நொட் கை அண்ட் கிணறு என்றால் (நொட் கை) அண்ட் கிணறு. முழுக் கூட்டையும் மறுக்கவேண்டுமானால் நொட் (கை அண்ட் கிணறு). இதை அடைப்பில்லாமல் விரித்தால் நொட் கை ஆர் நொட் கிணறு ஆகும். அண்ட் ஆராக மாறுவதைப் பாருங்கள். இதுதான் டி மோர்கன் விதி. இந்த விதிக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மோர்கன் 1806 இல் பிறந்தது மதுரையில்!

இன்னொன்று: நிலை என்று ஒரு மாறி இருப்பதாக வையுங்கள். எம்எம்பேசிக்கில் நொட் நிலை = 2 என்று எழுதினால் முதலில் நிலை மறுக்கப்பட்டு, பிறகே 2 உடன் ஒப்பிடப்படும். 'இரண்டு இல்லை' என்பதுதான் வேண்டும் என்றால் நிலை <> 2 என்று எழுதுங்கள்.

இரண்டு பக்கமும் கணிக்கப்படும்

சி மொழி தெரிந்தவர்கள் சறுக்குகிற இடம் இது:

இஃப் நேரம் <> 0 அண்ட் 100 / நேரம் > 5 தென்

நேரம் 0 என்றால் இடப்பக்கம் பொய். வலப்பக்கத்தைப் பார்க்கவே தேவையில்லை. சி அங்கேயே நிறுத்திவிடும். எம்எம்பேசிக் நிறுத்தாது, வலப்பக்கத்தையும் கணிக்கப்போய் பூச்சியத்தால் வகுத்து எரர் காட்டும். ஒரு இஃப்புக்குள் இன்னொரு இஃப் வையுங்கள், தீர்ந்தது.

அதேபோல எம்எம்பேசிக்கில் அண்ட் பிட் பிட்டாக, அதாவது எண்ணின் இரும இலக்கங்களில் ஒவ்வொன்றாக, வேலை செய்யும். 2 அண்ட் 4 என்றால் விடை 0, இரண்டும் பூச்சியமில்லாத எண்கள் என்றாலும். நம் மூன்று மாறிகளும் 0, 1 மட்டும் என்பதால் இங்கே பயமில்லை. சென்சரிலிருந்து பெரிய எண் வந்தால் அளவு > 0 என்று ஒப்பிட்ட பிறகே அண்ட் போடுங்கள்.

அடைப்புக்குறியே இல்லாத பேசிக்கில்

பிகாக்ஸ் சிப் (பேசிக்கில் எழுதும் இன்னொரு மைக்ரோகொன்ட்ரோலர்) வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன அடைப்பு உதவாது. அதன் கணக்கு வரிகள் கண்டிப்பாக இடமிருந்து வலம்தான், 2 + 3 * 4 என்றால் 20. அடைப்புக்கும் இடமில்லை. வரியை உடைத்துவிடுங்கள்:

ஓடு = கை ஆர் குறைவு
ஓடு = ஓடு அண்ட் கிணறு
இஃப் ஓடு = 1 தென்

எது முதலில், எது பிறகு என்பது மேலிருந்து கீழாகக் கண்ணுக்கே தெரிகிறது. எம்எம்பேசிக்கிலும் நிபந்தனை நாலைந்தாகப் பெருகினால் நான் இப்படித்தான் எழுதுவேன்.

எல்ஈடி எட்டு நிலையிலும் சரியாக வேலை செய்த பிறகு, மோட்டரை இயக்கும் மின்சுவிட்சான ரிலேக்குப் போகலாம். பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட், ரிலேயை நேராகப் பின்னில் கொடுக்காமல் டிரைவர் உள்ள ரிலே மொடியூல் ஒன்றை வாங்குங்கள். மோட்டர்ப் பக்கத்து 230 வோல்ட் வேலையைக் கறண்ட் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.