விலை கூடிய எலக்ட்ரிக் கிட்டார் கிட்: காசு எங்கே வீணாகிறது?

100, 150 டொலருக்கும் நாமே பூட்டிக்கொள்ளும் எலக்ட்ரிக் கிட்டார் கிட் கிடைக்கிறது, 500 டொலருக்கும் கிடைக்கிறது. பெட்டியைத் திறந்தால் இரண்டிலும் பார்வைக்கு ஒரே சாமான்தான்: ஒரு பாடி (உடல்), ஒரு நெக் (கழுத்து), கம்பியைக் கீழ்ப்பக்கம் தாங்கும் பிரிட்ஜ், சுருதி சேர்க்கும் ட்யூனர்கள், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், கொஞ்சம் வயர், ஒரு சின்னப் பையில் ஸ்குரூக்கள். அப்படியானால் மிச்சக் காசு எதற்கு? நெக்குக்கும் அதன் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுக்கும் மற்ற உலோகப் பாகங்களுக்கும் போயிருந்தால் அந்த விலை தகும். மரத்தின் அழகுக்கும் பெட்டியில் அச்சடித்த பெயருக்கும் போயிருந்தால் தகாது. கொழும்பில் இருந்துகொண்டு வாங்குபவருக்கு இதற்கு மேல் சுங்கமும் கடற்காற்றும் வேறு இருக்கின்றன.

மரத்தின் வரிகளில் மயங்குவது

படத்தில் புலிவரி போல மினுங்கும் மேப்பிள் மேற்பரப்பைப் பார்த்துத்தான் பலரும் விலை கூடிய கிட்டுக்குத் தாவுகிறார்கள். மலிவு கிட்டில் அந்த வரி அரை மில்லிமீற்றர் அளவிலான வெனியர் ஒட்டு; 120 நம்பர் சாண்ட்பேப்பரால் ஓரத்தில் நாலு தடவை கூடுதலாக இழுத்தால் அடியில் இருக்கும் வெளிறிய மரம் எட்டிப்பார்க்கும். நல்ல கிட்டில் 10 மி.மீ.க்கு மேல் தடித்த உண்மையான மேப்பிள் பலகை இருக்கும், பயமில்லாமல் தேய்க்கலாம். வித்தியாசம் உண்மைதான். ஆனால் அது கண்ணுக்கான வித்தியாசம். திட உடல் கிட்டாரில் அம்ப்ளிஃபயருக்குப் போகும் சத்தத்தைத் தீர்மானிப்பதில் பிக்கப், கம்பி, பிரிட்ஜ், தலைப்பக்கத்தில் கம்பி உட்காரும் நட் ஆகியவற்றுக்குப் பின்னால்தான் மேற்பலகையின் வரி நிற்கிறது. கடும் நிற பெயின்ற் அடிக்கப் போகிறவர் அந்த வரிக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

பாடியைப் பொறுத்தவரை இங்கே இருப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் போல் வகைக் கிட்டார்களுக்குப் பேர்போன மஹோகனி நம் நாட்டிலேயே நட்டு வளர்க்கப்படும் மரம். மொறட்டுவையில் ரவுட்டர் வைத்திருக்கும் மரவேலை பாஸ் ஒருவரிடம் சரியான டெம்ப்ளேற்றைக் கொடுத்தால் பாடியை வெட்டித் தருவார். வெளிநாட்டில் இருந்து நெக்கையும் உலோகப் பாகங்களையும் மட்டும் எடுத்தால் போதும். நன்கு உலர்ந்த மரமாக இருக்க வேண்டும். தேக்கு வேண்டாம்: பாரம், எண்ணெய்ப்பசை, பசையும் பெயின்றும் சரியாகப் பிடிக்காது. ஸ்குரூவால் பூட்டும் ஃபெண்டர் வகை நெக்குக்குப் பாடியின் தடிப்பு 45 மி.மீ., நெக் உட்காரும் குழி ஏறக்குறைய 56 மி.மீ. அகலம், 16 மி.மீ. ஆழம். குழியை முதலில் கொஞ்சம் இறுக்கமாக வெட்டச் சொல்லுங்கள். இறுக்கத்தைத் தேய்த்துச் சரிசெய்யலாம், தளர்வை முடியாது.

"விலை கூடியது, அதனால் ஃப்ரெட் வேலை முடிந்திருக்கும்"

முடிந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வாங்குபவர்தான் அப்படி எடுத்துக்கொள்கிறார். 400 டொலர் கிட்டிலும் ஃப்ரெட்களை அடித்து இறக்கி ஓரத்தை வெட்டியதோடு விட்டிருப்பார்கள். "லெவல் பண்ணி, கிரவுன் பண்ணி, பொலிஷ் பண்ணியது" (உயரத்தைச் சமப்படுத்தி, தலையை உருட்டாக்கி, மினுக்கியது) என்று விபரத்தில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே நம்புங்கள். எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த வேலைக்கான லெவலிங் பட்டை, கிரவுனிங் அரம், நட் வெட்டும் அரங்கள் எல்லாவற்றையும் நீங்களே வாங்கப் போனால், ஒரே ஒரு கிட்டாருக்காக கிட்டின் விலையில் பாதியைக் கருவிக்குச் செலவழிப்பீர்கள்.

வந்ததும் சோதிப்பது இப்படி. நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ரொட்டைத் திருகி நெக்கை முடிந்தவரை நேராக்குங்கள். மூன்று ஃப்ரெட்டை மட்டும் தொடும் நீளத்தில் ஒரு நேரான உருக்குத் துண்டை ஃப்ரெட்களின் மேல் வைத்து அழுத்துங்கள். அது ஊஞ்சல் போல ஆடினால் நடுவில் இருப்பது உயர்ந்த ஃப்ரெட். ஒன்றிரண்டு என்றால் முதலில் அது முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தூக்கிக்கொண்டு நின்றால் ஒரு மரத்துண்டை வைத்து மெதுவாகத் தட்டினால் போதும். பல இடத்தில் ஆடினால் முழு நெக்கையும் லெவல் பண்ண வேண்டும்: ஃப்ரெட் தலைகளில் மார்க்கரால் கோடு போட்டு, 320 நம்பர் தாள் ஒட்டிய நேரான பட்டையால், எல்லாத் தலைகளிலும் மை அழியும் வரை மட்டும் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் ஒரு இழுப்பும் கூடாது. பிறகு தட்டையான தலைகளை அரத்தால் மறுபடி உருட்டாக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் கம்பி தட்டையான ஃப்ரெட்டில் உரசி இரையும், சுருதியும் துல்லியமாக நிற்காது.

நட் இன்னொரு பொறி. கம்பி தலைப்பக்கத்தில் உட்காரும் அந்தச் சின்னத் துண்டு நல்ல கிட்டில் எலும்பாக இருக்கும். ஆனால் பள்ளங்களை வேண்டுமென்றே உயரமாக விட்டிருப்பார்கள், ஏனென்றால் கூட்டுவதைவிடக் குறைப்பது சுலபம். கம்பியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்திப் பிடித்தால் முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு கடதாசித் தடிப்பு, அதாவது 0.1 மி.மீ. போல, இடைவெளி தெரிய வேண்டும். அதைவிடக் கூட என்றால் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் ஸ்வரம் எல்லாம் சுருதி ஏறிக் கேட்கும். அளவுக்கு மிஞ்சி வெட்டினால் அழுத்தாத கம்பி இரையும். சூப்பர் குளூவும் அப்பச்சோடாவும் போட்டுப் பள்ளத்தை நிரப்பி மறுபடி வெட்டலாம், ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலைதான்.

கொழும்புக்காரருக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு உண்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் மலிவுப் பூச்சு போட்ட ஸ்குரூவும் பிரிட்ஜ் பாகங்களும் சீக்கிரமே துருப்பிடிக்கும். ஸ்டெயின்லஸ் ஸ்டீல் ஃப்ரெட், நல்ல முலாமிட்ட பிரிட்ஜ் ஆகியவற்றுக்காகக் கேட்கும் கூடுதல் விலை இங்கே உண்மையில் தகும். ஆனால் ஸ்டெயின்லஸ் ஃப்ரெட் கடினமானது, சாதாரண அரத்தை மொட்டையாக்கிவிடும். அதை லெவல் பண்ணிய நிலையிலேயே வாங்குங்கள்.

முதல் கிட்டே ஒட்டு நெக் வகையில்

விலைப் பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் லெஸ் போல் வடிவக் கிட்டுகள்தான் நிற்கும். அவற்றில் நெக்கைப் பசையால் ஒட்ட வேண்டும், அதுவும் 4 பாகை அளவு பின்சாய்வோடு. சாய்வு குறைந்தால் பிரிட்ஜைத் தட்டும் வரை இறக்கினாலும் கம்பி உயரமாகவே நிற்கும். கூடினால் பிரிட்ஜ் வானத்தைப் பார்க்கும். பசை காய்ந்த பிறகு திருத்தம் என்ற பேச்சே இல்லை. லியோ ஃபெண்டர் 1950இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஸ்குரூ நெக் அமைப்பு இன்றும் கிட்டுகளில் நிலைப்பதற்குக் காரணம், பிழை விட்டால் கழற்றலாம் என்பதுதான். நெக் கோணம் தவறினால் மெல்லிய மரச்சீவல் ஒன்றை அடியில் வைத்துப் பூட்டலாம். நெக்கின் நாலு ஸ்குரூவும் பாடியின் துளைக்குள் தடையில்லாமல் நழுவிப் போக வேண்டும், நெக்கில் மட்டுமே கடிக்க வேண்டும். பாடியிலும் கடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி மிஞ்சும். மேப்பிளில் துளை போடாமல் ஸ்குரூவை இறக்கினால் தலை முறியும். ஸ்குரூவின் புரியில் மெழுகுதிரி தடவுங்கள், சவர்க்காரம் வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும்.

எந்த வகையானாலும் பெயின்றுக்கு முன்னால் ஒரு தடவை முழுதாகப் பூட்டிப் பாருங்கள். நட்டில் இருந்து 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டிப்பாக்கினால் வருவதுதான் ஸ்கேல் நீளம்: ஃபெண்டர் வகையில் 648 மி.மீ., கிப்சன் வகையில் ஏறக்குறைய 628. பிரிட்ஜில் மெல்லிய ஈ கம்பி உட்காரும் இடம் அந்தத் தூரத்தை எட்ட வேண்டும், தடித்த கம்பிகளுக்கு இன்னும் 2, 3 மி.மீ. பின்னால் போக இடம் வேண்டும். இரண்டு ஈ கம்பிகளை மட்டும் போட்டு, நெக்கின் இரு ஓரத்திலும் ஒரே அளவு மரம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பளபளவென்று பெயின்ற் அடித்த பிறகு பிரிட்ஜ் துளையை நகர்த்துவதைவிட மனவருத்தம் தரும் வேலை கிட்டார் கட்டுவதில் குறைவு.

பிறகு மாற்றலாம் என்று நினைப்பது

மலிவு கிட்டை வாங்கி மெல்ல மெல்ல நல்ல பாகங்களாக மாற்றுவது கேட்க நன்றாக இருக்கும். சிக்கல் அங்குலத்துக்கும் மில்லிமீற்றருக்கும் நடுவில் வருகிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் வொலியூம் பொட் மலிவு கிட்டில் சின்னது, அதற்கு 7, 8 மி.மீ. துளை, அமெரிக்கப் பொட்டுக்கு 9.5 மி.மீ. வேண்டும். பழைய டிசைன் ட்யூனருக்கும் புதிய வகைக்கும் தலைத்துளை வேறு, 10 மி.மீ. துளையில் மெல்லிய ட்யூனர் தள்ளாடும். மலிவு பாடி 45க்குப் பதிலாக 40 மி.மீ. தடிப்பில் வந்தால் சுருதியை ஆட்டும் அசையும் பிரிட்ஜான ட்ரெமோலோவின் முழு அளவு கட்டை பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். கம்பி இடைவெளி 10.5 மி.மீ. பிரிட்ஜுக்கும் 10.8க்கும் துளைகள் பொருந்தா. இதையெல்லாம் மாற்றி முடிக்கும்போது மத்திய விலைக் கிட்டின் காசு போயிருக்கும், நெக் மட்டும் அதே மலிவு நெக். மாற்றும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே எல்லா அளவும் எழுதியிருக்கும் கிட்டைத் தேடுங்கள். அளவு எழுதாத 500 டொலர் கிட்டைவிட அளவு எழுதிய 250 டொலர் கிட் மேல்.

பெட்டி விலையை மட்டும் பார்ப்பது

விலை கூடிய கிட்டுகள் பலவற்றில் மரம் மட்டும்தான் வரும். பிக்கப், பிரிட்ஜ், ட்யூனர் எல்லாம் தனி. விபரப் பட்டியலை வரி வரியாகப் படிக்காமல் விலையை ஒப்பிட வேண்டாம்.

அடுத்தது சுங்கம். "உதிரிப் பாகமாகத்தானே வருகிறது, வரி குறையும்" என்ற கணக்கு பிழைக்கலாம். சுங்க வகைப்படுத்தலின் பொது விதி 2(அ)வின்படி, பூட்டாமல் பிரித்து அனுப்பிய பொருளையும் முழுப் பொருளாகவே கொள்ளலாம். முழுக் கிட் என்றால் எலக்ட்ரிக் கிட்டாருக்குரிய 9207ஆம் தலைப்பில் போடப்படலாம், நெக்கை மட்டும் எடுத்தால் பாகங்களுக்குரிய 9209. ஓர்டர் போடும் முன் இரண்டு தலைப்புகளின் அன்றைய வீதத்தையும் சுங்கத் திணைக்களத்தின் தீர்வைப் பட்டியலில் பாருங்கள். வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்புகூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. 450 டொலர் கிட்டுக்கு 120 டொலர் அனுப்புகூலி என்றால் 570க்குக் கணக்கு. 18 சதவீத வற் வரி மட்டுமே 100 டொலரைத் தாண்டும், மற்ற அறவீடுகள் வேறு. பாடியின் பாரத்துக்காகத்தான் இந்தக் கூலி என்று நினைக்கும்போது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றது சும்மா இல்லை.

மழைக்காலத்தில் லக்கர் அடிப்பது

நைட்ரோ லக்கர் என்ற பளபளப்புப் பூச்சு காயும்போது தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்கும். ஈரக்காற்றில் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து வெள்ளைப் படலமாக மாட்டிக்கொள்ளும். மே மாதத் தென்மேல் பருவமழையிலும் ஒக்டோபர், நவம்பர் மழையிலும் கொழும்பில் இதுதான் நடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை காய்வான நாளாகப் பார்த்து அடியுங்கள், அல்லது மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேருங்கள். வாகன பெயின்றரிடம் கொடுப்பது நல்ல யோசனைதான்: டூ-கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும்) பெயின்றின் ஹார்ட்னரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேற் இருக்கிறது, வீட்டு பல்கனியில் சாதாரண முகக்கவசத்தோடு அடிக்கும் சாமான் அல்ல. கொடுக்கும் முன் நெக் குழியையும் பிரிட்ஜ் துளைகளையும் டேப்பால் மூடிக் கொடுங்கள். அவர் கதவு அடித்துப் பழகியவர், குழிக்குள்ளும் தாராளமாக அடிப்பார். பிறகு நெக் உள்ளே போகாது.

பயந்தவருக்கு துணியால் தேய்க்கும் எண்ணெய்ப் பூச்சு உண்டு. மெல்லிய பூச்சாக ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், உலரும் எண்ணெய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள். சாயம் போடுவதானால் 320க்கு மேல் நுணுக்கமான தாளால் தேய்க்க வேண்டாம், மரம் சாயத்தைக் குடிக்காது. மேப்பிள் நெக்கை மட்டும் பூச்சில்லாமல் விட்டுவிடாதீர்கள். இந்த ஊர் ஈரத்தில் அது வளையும், சில நிறுவனங்கள் அதற்கு உத்தரவாதமும் தராது.

வயரிங்

இங்கே விலை கூடிய கிட்டின் லாபம் சிறியது. இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பொட், ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் கொயிலுக்கு 250. மாறினால் சத்தம் மங்கும் அல்லது கீச்சிடும். பொட்டின் முதுகில் சோல்டர் பிடிக்க 40 வொற் இரும்பு வேண்டும், 25 வொற் என்றால் நீண்ட நேரம் சுட்டுப் பொட்டையே கெடுப்பீர்கள். பொட்டையும் சோல்டர் இரும்பையும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடலாம். பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயரை மறப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறையாவிட்டால் அதைப் பாருங்கள். அம்ப்ளிஃபயர் ப்ளக்கின் மூன்றாம் பின்னை (எர்த்) வெட்டியோ ஒதுக்கியோ இணைக்காதீர்கள், 230 வோல்ட் விளையாட்டில்லை.

இன்னொன்று: திரும்ப விற்கலாம் என்று மனக்கணக்குப் போட வேண்டாம். தலையில் பெயரில்லாத, கையால் பூட்டிய கிட்டாருக்கு, உள்ளே என்ன பாகம் இருந்தாலும், வாங்குபவர் கிட்டின் விலையையே தரத் தயங்குவார்.

கிட் வந்ததும் பெட்டியைத் திறந்து, நீங்கள் வாசிக்கப் போகும் அறையிலேயே ஒரு வாரமாவது வையுங்கள். ஏசி அறை என்றால் ஏசி அறையில். கம்பி போட்ட பிறகும் முதல் இரண்டு வாரத்துக்கு நெக் அசையும். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தி, ஏழாவதில் 0.25 மி.மீ. இடைவெளி இருக்கும்படி ட்ரஸ் ரொட்டைத் திருப்புங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு ஒரு இரவு விட்டுப் பாருங்கள்.